‘சிஸ்டர், அப்பா எப்படி இருக்காரு?’

ஐ.சி.யூ. வாசலில் இந்தக் கேள்வி டாக்டரைவிட நர்ஸிடம்தான் அதிகம் வரும். “டாக்டரைக் கேளுங்க” என்று நகர்ந்துவிடுவது தப்பு. “பி.பி. நார்மல்” என்பது அதைவிடப் பெரிய தப்பு. பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடும்போது மானிட்டரில் தெரியும் 120, மருந்து தூக்கிப் பிடித்திருக்கும் 120. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், மாலையில் டாக்டர் கையை விரிக்கும்போது “காலையில நல்லா இருந்தாரே, நடுவுல என்ன செஞ்சீங்க?” என்று சண்டைதான் வரும். “பி.பி.யை மருந்துதான் தாங்குது. நேத்தைவிட இன்னைக்கு அளவு கூட்டியிருக்கோம்.” இப்படிச் சொல்லலாம். பிழைப்பாரா என்பதற்கு மட்டும் டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு, “டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதும்மா?” என்று கேளுங்கள். வரும் பதிலை அவர்கள் வார்த்தையிலேயே டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும்போது நர்ஸும் கூட இருக்க வேண்டும்; டாக்டர் எழுந்து போன பிறகும் பத்து நிமிடம் இருக்க வேண்டும். சந்தேகங்கள் அப்போதுதான் வெளியே வரும். பிரான்ஸில் 22 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பேச்சுமுறையை மாற்றி, கையேடும் கொடுத்தபோது, குடும்பத்தினர் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 ஆனது. 90 நாள் கழித்து அவர்களிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகளும் குறைவாக இருந்தன.

“இனி செய்ய ஒண்ணுமில்லை” என்று சொல்லவே கூடாது. வலிக்கு, மூச்சுத்திணறலுக்கு மருந்து உண்டு. வாயைச் சுத்தம் செய்வது, புரட்டிப் படுக்கவைப்பது எதுவும் நிற்காது. “வென்டிலேட்டரை எடுத்துடலாமா?” என்று நர்ஸாகக் கேட்கவும் கூடாது. 2023-இல் உச்ச நீதிமன்றம் திருத்திய விதிப்படி, அதற்கு இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதலும் குடும்பத்தின் சம்மதமும் வேண்டும்.

பால் ஊற்றக் கேட்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, மகள் கையாலேயே உதட்டில் ஒற்றச் சொல்லலாம்.

கடைசி மணிநேரங்களில் தொண்டையில் கரகர சத்தம் வரும், மூச்சு விட்டுவிட்டு வரும். வந்த பிறகு விளக்கினால் சமாளிப்பு போலத்தான் கேட்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.