டைலின் பின்பக்கம்

டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி என் கையில் கரணையைக் கொடுக்கவில்லை. ஒரு கிலோ சுத்தியலும் முனை மழுங்கிய ஓர் உளியும் கொடுத்தார். குளியலறையில் பழைய டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். உடைக்கிற வேலைதானே, இதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று நினைத்து, தரையின் நட்ட நடுவில் இருந்த டைல் மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன். டைல் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டது. ஒரு துண்டுகூட மேலே வரவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு என்னிடம் இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், முழங்கையில் இரண்டு கீறல், கண்ணில் ஒரு துரும்பு.

மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. உளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மொட்டைத் தலையால் வாசல் ஓரத்திலிருந்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், பொத்.

"கேட்டுதாடா?"

"கேட்டுது மேஸ்திரி."

"உள்ள பொக்கா இருக்கு. இதுலேர்ந்து ஆரம்பி. கெட்டியா இருக்கறவன்கிட்ட போய் மல்லுக்கு நிக்காத, பக்கத்துல இருக்கறவன் போனா அவன் தானா வருவான்."

அந்தப் பொக்கு டைலின் ஓரத்தில் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். முழு டைலாகக் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்து டைலுக்கு இப்போது ஒரு பக்கம் திறந்துவிட்டதால், உளியைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியில் நுழைக்க முடிந்தது. உளி செங்குத்தாக நின்றால் அடியெல்லாம் தரைக்குள் போகும். சாய்ந்தால்தான் டைலுக்கும் கலவைக்கும் நடுவே இறங்கும். ஒரு டைல் திறந்தபின் உளி கிட்டத்தட்ட படுத்தே இருக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். என் கை அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

பொக்கு எங்கேயுமே இல்லாத தரைகளும் உண்டு. அங்கே ஒரு டைலைப் பலி கொடுக்கத்தான் வேண்டும். நடுவில் டிரில்லால் நான்கைந்து ஓட்டை போட்டு, கூர் உளியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உடைத்துக்கொண்டு வர வேண்டும். நல்ல தரையில் கீறல் விழுந்த ஒரே ஒரு டைலை மட்டும் மாற்றுவதாக இருந்தால், முதலில் நான்கு பக்கமும் இடுக்கை அடைத்திருக்கும் கிரௌட்டை அறுத்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கிற அடி இடுக்கு வழியாகப் பக்கத்து டைலுக்குப் போய் அதன் மூலையும் தெறிக்கும். நெம்பும்போது பக்கத்து டைலின் விளிம்பில் உளியை ஊன்றக் கூடாது. ஊன்றினால் ஒன்றை மாற்றப் போய் ஐந்தை மாற்றிவிட்டு வர வேண்டியதுதான்.

எங்கள் தொழிலில் பெயர்க்கிற வேலை புதுப் பையன்களுக்கு. கை பழகியவன் பதிக்கப் போய்விடுவான். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் சின்ன வேலைகளைத் தனியாக எடுக்க ஆரம்பித்த பிறகு மறுபடி சுத்தியலைத் தூக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெயர்த்த டைலை எல்லாரும் சாக்கில் எறிந்துவிடுவோம். திருப்பிப் பார்த்தால், இந்த இடத்தில் முன்னால் வேலை செய்த ஆள் என்ன செய்தான் என்பது அத்தனையும் பின்பக்கத்தில் இருக்கிறது.

கலவை ஒட்டாமல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக வரும் டைல் உண்டு. சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீரைக் குடிக்கும். அதை ஊற வைக்காமல் சிமெண்ட் கலவையில் பதித்தால், சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய ஈரத்தை டைல் உறிஞ்சிவிடும். பின்னால் மிஞ்சுவது வெறும் மாவு. விரலால் தேய்த்தாலே உதிரும். விட்ரிஃபைடு டைலில் இதற்கு நேர்மாறான கோளாறு. அது அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதன் உடம்பு கிட்டத்தட்ட கண்ணாடி. வெறும் சிமெண்ட் பாலுக்கு அதில் பிடிமானம் கிடைக்காது, அதற்கென்றே உள்ள பசை வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி ஒட்டிவிட்டுப் போன ஆட்களின் வேலையைத்தான் நான் பாதி நாட்கள் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. பின்னால் கலவை ஐந்து உருண்டையாக: நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று. நடுவே எல்லாம் காற்று. மட்டம் பார்க்கச் சுலபம், வேலை வேகமாக ஓடும். குளியலறைச் சுவரில் இப்படி ஒட்டினால் கிரௌட் விரிசல் வழியாக இறங்குகிற தண்ணீர் அந்தக் காற்று இடத்தில்தான் போய் நிற்கும். அதைப் பெயர்க்கும்போது முதலில் வருவது டைல் இல்லை, நாற்றம். தேங்கிய தண்ணீரும் கறுத்த பூஞ்சையுமாக ஒரு வாடை. வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த வாடை சில வீடுகளில் அதுவாகத்தான் இருக்கும்.

சில நேரம் கலவையில் விரல் பதிந்திருக்கும். பிழியப்பட்டு வெளியே வந்த சிமெண்டை யாரோ கட்டை விரலால் வழித்த தடம், ரேகையோடு. ஒருமுறை தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், ரேகை இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதைக் கொத்துவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மெஷின் வந்த பிறகு இதையெல்லாம் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பிரேக்கரில், அதாவது இடிக்கிற மெஷினில், பட்டை உளியை மாட்டினால் ஒரு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடியும். தரைக்கு அது நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். சுவரில், அதுவும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில், அதை வைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு கலங்கும். அந்தச் சுவரில் இருப்பது ஒற்றைச் செங்கல். இந்தப் பக்கம் குளியலறையில் நான் அடிக்க, அந்தப் பக்கம் படுக்கையறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த பூச்சு ஒரு பாய் அகலத்துக்குக் கழன்று விழுந்தது. அதைச் சரி செய்த செலவு என்னுடையது.

குழாயை உடைத்ததும் மெஷினால்தான். அன்று வால்வை மூடச் சொல்லி, வீட்டுக்கார ஐயாவும் மூடிவிட்டேன் என்றார். அவர் மேல் தப்பில்லை, மூடியிருந்தார். பழைய வால்வு, உள்ளே தேய்ந்து பாதி மூடியபடி நின்றுவிட்டது. குழாயைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஷவர் பிடிக்கு மேலே இரண்டாவது வரிசையில் உளி இறங்கியது, சுவருக்குள்ளிருந்து தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது. கையில் ஓடுகிற மெஷின். அதன் வயர் என் காலடியில், தண்ணீருக்குள். பிளக்கைப் பிடுங்கப் போன அந்த நான்கு எட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாடிக்கு ஓடி மெயின் வால்வைத் தேடிய கதை அப்புறம்.

அதற்குப் பிறகு சுவரில் கை வைக்கும் முன் வால்வை மூடி, குழாயைத் திறந்து, கடைசிச் சொட்டு நிற்கும்வரை காத்திருப்பேன். அந்த அறைக்குப் போகும் கரண்டை அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு அறையிலிருந்து வயர் இழுப்பேன். குழாய்கள் பெரும்பாலும் பிடிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ போகும். பெரும்பாலும்தான். கோணலாகக் கொண்டுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் குழாய், சுவிட்ச், கீசர் இருக்கும் இடத்தில் ஒரு முழம் சுற்றளவுக்குக் கை உளிதான். சுவரை மேல் வரிசையிலிருந்து கீழே எடுத்துக்கொண்டு வர வேண்டும். கீழே இருந்து ஆரம்பித்தால் மேலே பிடிப்பில்லாமல் நிற்பது எப்போது தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. செராமிக் டைலின் மேல்பூச்சும் கண்ணாடிதான். உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி. கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலைக்கு நிற்கிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் பத்து வருஷம் நான் அப்படித்தான் நின்றேன்.

தூசியைப் பற்றி மேஸ்திரிக்கு யாரும் சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற தூசியைத் துண்டு தடுக்கும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாதது. டைலின் களிமண்ணிலும் கலவையின் மணலிலும் இருக்கும் சிலிக்கா, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகளாக நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். போனது திரும்பி வராது. அங்கே தழும்பு கட்டி மூச்சு குறையும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. மூச்சில் போகும் இந்தத் துகள் புற்றுநோயும் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. எனக்கு இது தெரிய வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. மேஸ்திரி அப்போதே மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒருமுறை நிற்க ஆரம்பித்திருந்தார்.

இப்போது என் ஆட்களுக்கு என்95 முகமூடிக்குக் குறைந்து எதுவும் கிடையாது. கை உளி வேலை என்றால் கைத்தெளிப்பானால் நனைத்துக்கொண்டே கொத்துவோம். மெஷின் என்றால் தண்ணீரை யோசித்துத்தான் தெளிக்க வேண்டும். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்குவதுதான் எல்லாவற்றையும்விட மோசம், அடங்கிய தூசியை மறுபடி எழுப்பிவிடுவது. நனைத்து வழிக்க வேண்டும். காதுக்கும் அடைப்பான் உண்டு. மூடிய குளியலறையில் பிரேக்கர் சத்தம் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அந்த அளவுச் சத்தத்தில் நாளுக்குக் கால் மணி நேரம்தான் நிற்கலாம் என்பது கணக்கு. பழைய தரையில் டைலுக்கு அடியில் தார் மாதிரி கறுத்த பசை கண்ணில் பட்டால் மட்டும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவேன். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுக்காமல் அதைச் சுரண்டுவதில்லை.

வீட்டுக்காரர்கள் எப்போதும் தப்பாகக் கணக்குப் போடுவது கழிவின் எடையை. பத்து சதுர மீட்டர் தரை என்றால் டைல் மட்டும் ஏறக்குறைய 180 கிலோ. அதன் கீழே நாற்பது மில்லிமீட்டர் கலவைப் படுகையையும் எடுத்தால் இன்னொரு 800 கிலோ. ஒரு சின்ன அறையிலிருந்து ஒரு டன். மூட்டைக்கு 25 கிலோ வீதம் கட்டினால் நாற்பது மூட்டை. "நாலு சாக்கு போதுமாப்பா?" என்று கேட்ட அம்மாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. சாயங்காலம் வராந்தாவைப் பார்த்த பிறகு நம்பினார். மூட்டைகளை மாடியில் ஒரே இடத்தில் அடுக்கவும் கூடாது. தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைக்காமல் வேலையை ஆரம்பிக்கவே கூடாது. உள்ளே போய் இறுகிய சிமெண்ட் தூளை எடுக்க இன்னொரு தரையை உடைக்க வேண்டி வரும்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, மேலேயே ஒட்டிட முடியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியும். பழைய தரை முழுக்கத் தட்டிப் பார்த்து எங்கேயும் பொக்கு இல்லை, மேல்பூச்சைச் சொரசொரப்பாக்கி, அதற்கான பசையும் போடுகிறோம் என்றால் நிற்கும். ஆனால் தரை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரும். கதவு உராயும், தண்ணீர் ஓடும் வாட்டம் மாறும். குளியலறை என்றால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அடியில் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

போன வருஷம் ஒரு குளியலறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் ஜன்னல் விளிம்பை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நானும் மேஸ்திரியும் சேர்ந்து பதித்த இடம். நான் கரணை பிடித்துப் பழகிய புதிது. ஷவர் சுவர் முழுக்க எனக்கு விட்டிருந்தார், கமோடுக்குப் பின்னால் இருந்த மூலை மட்டும் அவர் பதித்தது.

என் சுவரைத் தட்டிப் பார்த்தேன். பொத், பொத், பொத். உளியை வைத்தவுடன் முதல் டைல் வந்தது. திருப்பினேன். ஐந்து உருண்டை. அவர் சொல்லிக் கொடுத்தது அது இல்லை, நானாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி. மதியத்துக்குள் சுவர் முழுக்க வந்துவிட்டது. பாதி டைல்ஸ் உடையக்கூட இல்லை.

அந்த மூலைக்குப் போனபோது சத்தம் மாறியது. உளி எங்கேயும் நுழையவில்லை. டைல் நகம் நகமாகத்தான் உதிர்ந்தது. உள்ளே பூச்சில் கரணை முனையால் சாய்வாகக் கீறிய கோடுகள், ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளியில், அந்தக் கோட்டுக்குள்ளெல்லாம் கலவை போய்க் கடித்திருந்தது. வெளியே தெரியாத இடம், கமோடுக்குப் பின்னால், யாரும் குனிந்துகூடப் பார்க்காத மூலை.

வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு பெரிய சுவரை அரை நாள்ல எடுத்துட்டீங்க, இந்த மூலைக்கு என்ன இவ்வளவு நேரம்?" என்றார்.

"இது வேற ஆள் போட்டதுங்க அம்மா," என்றேன்.

பையன் பிரேக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டிக்கொண்டேன். மறுநாள் மாலைவரை ஆனது.