தேதி மட்டும் காலி

2023 பிப்ரவரியில் எனக்குக் காசநோய் என்று தெரிந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன்; ஒரே கம்பெனியில் ஆறு வருடம். விஷயத்தைச் சொன்னதும் நிர்வாக அலுவலர் உருகிவிட்டார். "முதலில் உடம்பைப் பாருங்கள், குணமானதும் வாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். ராஜினாமாக் கடிதம். தட்டச்சு செய்து தயாராக இருந்தது, தேதி மட்டும் காலி.

பேனாவைத் திறந்துவிட்டேன். கண்ணாடி கொண்டுபோகவில்லை, வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். சாமர்த்தியம் ஒன்றுமில்லை, உண்மையிலேயே கண்ணாடி இல்லை.

தனியார் டாக்டரின் சீட்டை நம்பி ஒன்பது நாள் வீட்டில் கிடந்தேன். பிறகுதான் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருந்தகம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தாளை வாங்கிப் படித்தார். "தம்பி, இதில் கையெழுத்துப் போட்டால் அவர்கள் உன்னை அனுப்பியதாகாது, நீயே போனதாகிவிடும்" என்றார். நோய்க்கால உதவித்தொகை வாங்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் நீக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது என்றது அப்போது நடப்பில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு. நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அது எதற்கு உதவும்?

தனியார் சீட்டு கவுன்ட்டரில் செல்லவில்லை. அந்த ஒன்பது நாளைக் கம்பெனி 'தகவலின்றி வராதவர்' என்று எழுதிச் சம்பளத்தைப் பிடித்தது. அதற்குப் பின் மருந்தகம் தந்த ஒவ்வொரு சான்றின் நகலையும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டைகளை அரிசி டப்பாவுக்கு அடியில் சேர்த்தேன்.

சந்தா கட்டிய நாட்கள் அரையாண்டில் 78க்கு மேல் இருந்ததால் பணத்துக்குத் தடை வரவில்லை. நாள் சம்பளம் 600 ரூபாய். அதில் 70 சதவீதம், 420. எண்ணைப் பார்த்து என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். வருடத்துக்கு 91 நாள்தான் இந்தக் கணக்கு. காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடச் சர்வீஸ் உள்ளவர்களுக்கு அதன்பின் 80 சதவீதம் உண்டு. அந்த 480 ரூபாய்க்கு நிபுணரின் சான்று, கிளை அலுவலகத்துக்கு நான்கு நடை.

ஜூலையில் தகுதிச் சான்றோடு போனேன். அலுவலர் கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் இடத்தில் நின்ற பையன், லேத்தில் வேலைத்துண்டை இறுக்கும் சக் சாவியை எங்கோ வைத்துவிட்டிருந்தான். முதல் ஷிப்டில் பாதி அதைத் தேடுவதிலேயே போயிற்று.