ஸ்வால்பார்ட் போகிறவர்கள் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்வால்பார்ட், வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நார்வேத் தீவுக்கூட்டம். சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக ஆஸ்லோ. அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்வால்பார்டின் முக்கிய ஊர் லாங்யர்பியன். 13 டிகிரி வடக்கிலிருந்து 78 டிகிரி வடக்குக்கு வந்துவிடலாம். டிக்கெட் எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. எந்த மாதத்துக்கு எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடப் பழைய பயணக் குறிப்பை நம்பிப் போனால், பனி பார்க்கப் போன இடத்தில் மழையில் நனைய நேரிடும்.

மிகைப்படுத்தவில்லை. ஸ்வால்பார்டின் ஆராய்ச்சி ஊரான நியூ ஓலெசுண்டில் பிப்ரவரி மாதச் சராசரி வெப்பநிலை ஒரு காலத்தில் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இருந்தது. 2025 பிப்ரவரியில் அது மைனஸ் 3.3. உறைந்த தரைமேல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அப்படியே கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ரெயின்டீர்கள் பனியைக் குளம்பால் தோண்டித்தான் அடியில் இருக்கிற புல்லையும் பாசியையும் தின்கின்றன. அந்தக் கண்ணாடியை அவற்றால் உடைக்க முடியாது. அப்படிப்பட்ட வருடங்களில் குட்டிகளும் கிழடுகளும்தான் முதலில் சாகும். பயணிக்கும் அதே மழைதான் எதிரி: நாய்வண்டிப் பயணம் ரத்தாகும், ஸ்னோ ஸ்கூட்டர் சேற்றுப்பனியில் சிக்கும், சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் கூடும். பணம் திரும்ப வருமா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஸ்னோ ஸ்கூட்டருக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. நல்ல வெளிச்சம் இருக்கும், குளிரும் ஓரளவு நம்பகமாக இருக்கும். ஆனால் ‘உறைந்த ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நுழையும் கடல்) மேல் வண்டி ஓட்டலாம்’ என்று விளம்பரத்தில் பார்த்தால் உடனே நம்பாதீர்கள். மேற்குக் கரை ஃபியோர்டுகள் பல இப்போது முழுதாக உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் அடிவழியாக உள்ளே வந்துவிடுகிறது. உறைகிற சிலவற்றிலும் வண்டிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, காரணம் சீல்கள். வளையச் சீல், கடல்பனிமேல் குவிந்த பனிக்குள் குகை தோண்டித்தான் குட்டி போடும். பனிப்பரப்பு இருந்தாலும் அதன்மேல் போதிய பனி விழாவிட்டால் குகை கிடையாது. குட்டி வெட்டவெளியில் கிடக்கும், கரடிக்கு மட்டுமல்ல, கடற்காகத்துக்கும் இரையாகும்.

துருவக்கரடி பார்க்கத்தான் போகிறேன் என்றால் ஜூலை, ஆகஸ்ட் கப்பல்தான் வழி. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு அனுமதி இல்லை; சின்னக் கப்பலாகப் பார்த்து எடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து கரடிக்கும் உங்களுக்கும் நடுவே 300 மீட்டர் இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். 300 மீட்டர் என்றால், மெரினாவில் ரோட்டோரம் நின்று அலையைப் பார்க்கிற தூரம். செல்போன் கேமராவில் அது ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். 400 மி.மீ. லென்ஸ், இல்லாவிட்டால் 10x42 பைனாகுலர் கட்டாயம்.

கடல்பனி குறைவதால் கரடி எலும்பும் தோலுமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களும் உண்டு. இங்கே கதை அவ்வளவு நேர்கோடு இல்லை. 1973இல் வேட்டைத் தடை வந்த பின் எண்ணிக்கை மீண்டது. பனி பின்வாங்கும் மாதங்களில் வாத்து முட்டை, ரெயின்டீர் என்று கிடைத்ததைத் தின்று சமாளிக்கிற கரடிகளை இங்கே பார்க்கலாம். 1952 முதல் பாதுகாப்பில் உள்ள வால்ரஸும் பெருகியிருக்கிறது. ஆனால் ஒரு கரையில் முட்டைகளைக் கரடி தின்று தீர்த்தால் அந்த வருடம் அங்கே குஞ்சே இருக்காது. ஒன்றின் சமாளிப்பு இன்னொன்றின் தலையில் விடிகிறது.

பனியாறு பின்வாங்குவதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல இடம், கோங்ஸ்ஃபியோர்டில் உள்ள ப்ளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வியா. பெயரிலேயே ‘தீபகற்பம்’ இருக்கிறது. அதை நிலத்தோடு இணைத்துக்கொண்டிருந்தது பனியாறுதான் என்பது, 1990களில் அது விலகிய பிறகே தெரிந்தது. இப்போது அது தீவு. இப்படி நிலத்திலிருந்து இறங்கி வரும் பனிதான் கடல் மட்டத்தை ஏற்றும். மிதக்கிற கடல்பனி உருகினால், டம்ளரில் ஐஸ் கரைகிற மாதிரி, மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிரீன்லாந்தின் பனி குறையும்போது அதன் ஈர்ப்பும் குறைவதால் அதன் அக்கம்பக்கத்துக் கடல் தாழும். அந்த நீர் நம் பக்கத்து வெப்பமண்டலக் கடல்களில்தான் கூடுதலாகச் சேரும்.

விசா விஷயம். ஸ்வால்பார்ட் நார்வேயுடையதுதான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனால், திரும்பி ஆஸ்லோவில் நுழைய முடியாது. இருமுறை அல்லது பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். காப்பீட்டில் மீட்பு ஹெலிகாப்டர் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள்.

உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிரவிடும். நம் ஊர் ஆட்கள் செய்கிற முதல் தப்பு இதுதான். கேமராவை வெளியிலிருந்து அறைக்குள் கொண்டுவரும் முன் ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான், லென்ஸுக்கு உள்ளே நடக்கும். பேட்டரி சட்டை உள்பையில் இருக்கட்டும்.

ஊர் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்க நினைக்காதீர்கள். கரடிக்காகத் துப்பாக்கியோடு வழிகாட்டி வருவார். நியூ ஓலெசுண்டில் இறங்கும் முன் செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அணைக்க வேண்டும். அங்கே இருக்கிற ரேடியோ தொலைநோக்கிகளுக்கு இடைஞ்சல். 2008இல் திறந்த இந்திய ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரியை வெளியிலிருந்து படம் எடுக்கலாம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்களிப்போடு 2014இல் இந்த ஊரை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டில் இறக்கப்பட்ட இண்ட்ஆர்க் அளவீட்டுக் கருவித் தொகுதியைத் தேடாதீர்கள். 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளப்பதற்காக வைத்தது அது. படகிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும்.