கப்பலில் ஆப்பிள் பை

சியாட்டிலில் இருந்து அலாஸ்கா போகும் உல்லாசக் கப்பலின் பஃபேயில் சாப்பிட்ட ஆப்பிள் பை (மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் இனிப்பு) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அடிமாவு முழுக்க ஊறிப்போய், முள்கரண்டியில் எடுத்தாலே பிய்ந்து வந்தது. உள்ளே ஆப்பிளைவிட சோளமாவுப் பாகுதான் அதிகம்.

ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்யும்போது அப்படித்தான் இருக்கும் என்பார்கள். நான் ஏற்க மாட்டேன். அதே கப்பலில் ரொட்டியெல்லாம் அவ்வளவு அருமை! குறை, சுடுவதில் இல்லை, சுட்ட பிறகு காத்திருக்க வைப்பதில். பழம் சூட்டில் நீர் விடும். பையை மணிக்கணக்கில் வைத்திருந்தால், அதுவும் குளிர்பெட்டியில் வைத்தால், அந்த ஈரம் மாவுக்குள் இறங்கிவிடும். ஆப்பிளை முன்பே லேசாக வதக்கி நீரை வற்றவிட்டு, அடிமாவைத் தனியாக ஒருமுறை சுட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பும் இறுக்கமும் உள்ள ஆப்பிள் என்றால் குழையவும் குழையாது.

கீ லைம் என்ற சிறு எலுமிச்சையில் செய்யும் கீ லைம் பை மட்டும் இந்த ஊறலில் இருந்து தப்பிப்பது இதனால்தான். 2006-ல் ஃப்ளோரிடா தன் மாநிலப் பையாக அறிவித்தது அது. கன்டென்ஸ்டு மில்க், முட்டை மஞ்சள் கரு, எலுமிச்சைச் சாறு, அடியில் பிஸ்கட் தூள். தண்ணீர் விடும் பழத்துண்டே இல்லை, குளிரவைத்தால்தான் ருசியும்.

அதனால் பஃபேயில் கீ லைம் எடுங்கள். ஆப்பிள் பை வேண்டுமென்றால் இரவு உணவுக்கூடத்தில் பரிமாறுபவரிடம் சூடாகக் கேளுங்கள். நல்ல பை கிடைத்த கப்பல் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.