மாமாவின் கால் முறிவும் கொத்தனார் அட்டையும்

விபத்து நஷ்டஈடு என்றாலே எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை பர்சென்ட் போட்டிருக்காங்க?" என்றுதான். ஊனச் சான்றிதழில் இருக்கும் அந்தச் சதவீதம் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் மாமா வழக்கைக் கூடவே இருந்து பார்த்த வரைக்கும், பணத்தைத் தீர்மானித்தது அவர் என்ன தொழில் செய்தார், அதில் எது போச்சு என்பதுதான்.

மாமா கொத்தனார். வேலை முடிந்து வண்டியில் வந்தவரை ஒரு சரக்கு வேன் இடித்து, வலது முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, பிளேட் வைத்தார்கள். 35 சதவீதம் என்று சான்றிதழ் வந்தது. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்: "இன்னைக்குக் கோர்ட்டுக்கு எப்படி வந்தீங்க?" "பஸ்ல." "பஸ் ஸ்டாண்டுல இருந்து?" "நடந்துதான்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். நடக்கிற ஆளுக்கு என்ன வருமான இழப்பு என்பது அவர் வாதம். எங்கள் வக்கீல் ஆபரேஷன் செய்த டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டு, இவரால் குந்த முடியுமா, சாரத்தில் ஏற முடியுமா, சட்டியோடு படியேற முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்ய வைத்தார்.

இதற்கு அடிப்படை 2010-இல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொன்னது. இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அதே கை போன குமாஸ்தா வேலையில் தொடரலாம். ஆகவே உடம்பின் ஊனம் வேறு, சம்பாத்தியத்தில் விழும் ஊனம் வேறு.

கணக்கில் இது எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். 42 வயது, மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் என்றால் இந்த வயதுக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்ப்பார்கள், வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், இந்த வயதுக்கு அது 14. வருமான இழப்பை 40 சதவீதம் என்று எடுத்தால் 12,60,000, 20 என்று எடுத்தால் சரிபாதி. இதெல்லாம் வேண்டாம் என்று ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் எனப் பெருக்கி முடித்துவிட்டால் கிடைப்பது இன்னும் சொற்பம்.

கூலி கையில் வாங்கும் ஆளுக்கு வருமானத்தை நிரூபிப்பதுதான் பெரிய தலைவலி. எங்களைக் காப்பாற்றியது கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, அத்தை ரேஷன் கார்டு கவரில் பத்திரமாக வைத்திருந்தது. அப்புறம் மேஸ்திரி வந்து கூண்டில் ஏறி இவருக்கு இன்ன கூலி கொடுத்தேன் என்று சொன்னார் (அவரைக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அது தனிக்கதை).

இன்னொன்று, ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரியில் காயத்தோடு போனதும் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு. போலீஸ் வம்பு எதற்கு என்று கூட வந்தவர் "தானா விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் அது அப்படியே அதில் ஏறும், பின்னால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் சட்டத்தில் வந்துவிட்டது. அதை எதிர்த்தும் வழக்குகள் இருக்கின்றன, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பேசிய தொகை பர்சென்ட் கணக்குதான். அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது என்பதால் மாமா கையெழுத்துப் போடவில்லை. டாக்டர், மேஸ்திரி சாட்சியெல்லாம் பதிவான பிறகு அதே கம்பெனி இரண்டு மடங்குக்கு மேல் ஏறி வந்தது, சரி என்று முடித்துக்கொண்டோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கியதை அடைத்தது போக மீதியை அத்தை பேரில் போட்டிருக்கிறார்கள். மாமா இப்போது ஒரு சைட்டில் வாட்ச்மேன்.