கேசரி பதமா, பாயச பதமா: வீடு கட்டப் போகிறவர்களுக்கு

போன வாரம் மச்சினன் போன் பண்ணினான். "மாமா, தையில கடைக்கால் போடுறேன், மேஸ்திரி பேசியாச்சு, சதுர அடி ரேட்டும் முடிஞ்சுது. நீங்க கட்டி முடிச்சவரு, எதையாவது சொல்லுங்க" என்றான். ஒரு மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு யோசித்தால், நான் சொன்னதில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றித்தான். எங்கே அதிகம் ஊற்றிவிட்டோம், எங்கே ஊற்றாமல் விட்டோம், எது எங்கே தேங்குகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது. செலவு, வாஸ்து, டைல்ஸ் நிறம் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டதெல்லாம் இப்போது ஞாபகத்தில்கூட இல்லை.

நாங்கள் கட்டியது 2019-ல், திருச்சிக்கு வெளியே தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம், நாலு சென்ட் மனை, கீழ்த்தளம் மட்டும் 1,050 சதுர அடி. பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீலிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பிளான் அப்ரூவல் அப்போது அலைச்சலாக இருந்தது. 2024-லிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கொடுக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

முதல் விஷயம், உயரம். மேஸ்திரி "ரோட்டுக்கு மேல ரெண்டடி போதும் சார்" என்பார். போதாது. உங்கள் தெருவில் பத்து வருடமாக இருக்கிற வீடுகளைப் போய்ப் பாருங்கள், எத்தனை வீட்டில் வாசல்படி ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது என்று எண்ணுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவே வந்தது. ஆனாலும் எங்கள் தெரு அதற்குப் பிறகும் அரையடி ஏறிவிட்டது. நான் மூன்றரை அடி வைத்தேன், மண் நிரப்பவே தனியாக ஒரு தொகை போனது, அப்பா அதற்காக முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஐப்பசி மழையில் எதிர்வீட்டுக்காரர் ஹாலிலிருந்து வாளியால் தண்ணீர் இறைத்தபோதுதான் நிறுத்தினார்.

அந்த மண் நிரப்புவதிலும் ஒரு தப்பு செய்தேன். கடைக்கால் தோண்டிய மண்ணையே உள்ளே தள்ளி, மேலே கிராவல் பரப்பி, ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். அரையடி, முக்கால் அடி உயரத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, அப்புறம் அடுத்த அடுக்கு போட்டிருக்க வேண்டும். இரண்டாவது வருடம் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நாலு டைல்ஸ் லேசாக உள்வாங்கின. இப்போதும் அந்த இடத்தில் காலை வைத்தால் 'டொக்' என்று வெறுஞ்சத்தம் வருகிறது, மனைவி தினம் அதன் மேல் நின்றுதான் தோசை சுடுகிறாள், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

மணல் விஷயத்துக்கு வருவோம். ஆற்று மணல் கிடைப்பதே இப்போது பெரிய பாடு, எல்லோரும் பாறையை உடைத்துத் தயாரிக்கிற எம் சாண்ட்தான். காங்கிரீட்டுக்கும் கட்டு வேலைக்கும் எம் சாண்ட், பூச்சுக்கு அதைவிட நைசான பி சாண்ட், இரண்டையும் மாற்றிப் போட விடாதீர்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரி வந்ததும் டிரைவர் "மூணு யூனிட்" என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல், டேப் எடுத்து பாடியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். 14 அடி, 7 அடி, 3 அடி என்றால் 294, சரி, மூணு யூனிட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. எனக்கு வந்த முதல் லோடு இரண்டே கால். நான் டேப்பை மடக்குவதற்குள் டிரைவர் தானாகவே அந்த விலைக்கு இறங்கி வந்தார்.

இன்னொன்று, ஈர மணல் உப்பும். லேசான ஈரத்தில் கால் பங்கு வரைகூட அளவு கூடிக் காட்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஈர மணலை முக்கால் வரை போட்டு, மேலே தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுப் பாருங்கள், மணல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தெரியும். பாண்டு கணக்கில் கலவை போடும்போதும் இதனால் மணல் குறைந்துபோகும். அதோடு ஒரு தண்ணீர் பாட்டிலில் மணலைப் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு மணி நேரம் வைத்தால், மேலே எவ்வளவு தூசு படிகிறது என்பதும் தெரிந்துவிடும். வெறும் கிரஷர் தூசியை எம் சாண்ட் என்று இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ரூஃப் காங்கிரீட் நாள். வீடு கட்டுவதில் லீவு போட்டுவிட்டுக் கட்டாயம் நிற்க வேண்டிய நாள் இது, கிரகப்பிரவேசத்துக்குக்கூட லீவு தேவையில்லை. எங்களுடையது மே மாதம், கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கு வர வேண்டிய மிக்சர் மெஷின் பத்தரைக்கு வந்தது. மிக்சர் ஓட்டுகிற பையன் கையில் ஒரு ஓஸ் பைப். மூட்டை விழுகிறது, மணல், ஜல்லி விழுகிறது, அவன் பைப்பை நீட்டிக் கண்ணளவில் அடிக்கிறான். வெளியே கொட்டினால் கலவை தகரத்தில் தானாக ஓடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கேசரி பதத்தில் இருக்க வேண்டியது பாயசமாக ஓடிக்கொண்டிருந்தது.

50 கிலோ மூட்டைக்கு 25-லிருந்து 30 லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான், அதிலும் மணலில் ஏற்கனவே இருக்கிற ஈரம் சேர்த்தி. சிமென்ட் இறுகுவதற்குத் தேவைப்படுவது அதன் எடையில் கால் பங்கு போலத் தண்ணீர், மிச்சமெல்லாம் கலவை இளகி வேலைக்கு வசதியாக இருப்பதற்காக. அதற்கும் மேல் ஊற்றுகிற தண்ணீர் பிறகு காய்ந்து வெளியேறும்போது உள்ளே நுண்ணிய ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும். மழைத்தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், ஒரு நாள் சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழும். பழைய வீடுகளில் எத்தனை பார்த்திருக்கிறோம்.

நான் போய்ச் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார். "தண்ணி கம்மி பண்ணா கலவ ஓடாது சார், முப்பது வருசமா இப்படித்தான் போடுறோம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டியில் கெட்டிக் கலவையைத் தூக்கிப் போய்க் கொட்டி, இழுத்து, கம்பிக்கு நடுவே இறக்குவது உடம்பு நோகிற வேலை, இளக்கமாக இருந்தால் பாதி கஷ்டம் குறையும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாதி ரூஃப் ஏறிவிடும். சதுர அடி ரேட்டுக்கு வேலை செய்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? அதனால் சண்டை போடாமல், முதல் நாளே இரண்டு ஆள் கூடுதலாக வரச் சொல்லுங்கள், அந்தக் கூலியை நீங்களே கொடுங்கள், கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அது ஓடுகிறதா என்று முந்தின நாளே போட்டுப் பாருங்கள். நான் வீட்டிலிருந்த 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்து, ஒரு பக்கெட், அதற்கு மேல் கால் பக்கெட், தேவைப்பட்டால் இன்னும் ஒரு சொம்பு என்று கணக்கு வைத்தேன். பையன் முறைத்தான். டீயும் வடையும் நேரத்துக்கு வந்ததும் சரியாகிவிட்டான்.

டீ குடிக்கப் போகும்போது பாதிக் கலவை தகரத்தில் கிடக்கும், திரும்பி வந்து அது இறுகியிருந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கிளறுவார்கள். விடாதீர்கள். அதைக் கொட்டி முடித்துவிட்டு டீக்குப் போகட்டும்.

கம்பிக்கு அடியில் ஜல்லிக் கல்லைச் செருகி வைக்கிற பழக்கமும் இன்னும் இருக்கிறது. ரூஃபுக்கு 20 எம்எம், பீமுக்கு 25, தூணுக்கு 40, அடியில் ஃபூட்டிங்குக்கு 50 எம்எம் என்று, கம்பி தகரத்தையோ மண்ணையோ ஒட்டாமல் தள்ளி நிறுத்துகிற கவர் பிளாக் வாங்கிக் கொடுங்கள், மொத்த வீட்டுச் செலவில் அது ஒரு செலவே இல்லை.

நாங்கள் முடித்தபோது மாலை ஐந்தரை. கத்திரி வெயிலும் அனல் காற்றும் சேர்ந்ததில், மதியம் போட்ட பகுதியில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தது. மேற்பரப்பு இறுகுவதற்கு முன்பே அதிலிருந்த ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிட்டது. போட்டு மட்டம் தட்டிய பகுதியை உடனுக்குடன் ஈரச் சாக்கோ தார்ப்பாயோ போட்டு மூடியிருந்தால் வந்திருக்காது. வெயில் காலத்தில் போடுகிறவர்கள் விடியற்காலையில் ஆரம்பியுங்கள், மிக்சர்காரரிடம் முந்தின நாள் ராத்திரியே மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த நாள் காலையிலிருந்து கதை தலைகீழ். முந்தின நாள் வேண்டாம் வேண்டாம் என்று கத்திய தண்ணீரை இப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்தி கட்டி இரண்டு அங்குலம் நிற்க வைத்தார்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட், அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது. மேஸ்திரியின் ஆள் மூன்று நாள் வருவான், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான், அப்புறம் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவான். எங்களுக்கு அம்மா இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம், காலை ஐந்தரைக்கு ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தி பாத்தியாக ஓஸ் பிடிப்பாள். சைட் ஷெட்டில் ஒரு தினசரி காலண்டர் மாட்டியிருந்தாள், ஊற்றிய பிறகுதான் தாள் கிழிப்பாள், 21 தாள். கரண்ட் போய் மோட்டார் ஓடாத ஒரு நாள் பக்கத்து வீட்டில் குடத்தில் தூக்கிவந்து ஊற்றியிருக்கிறாள், எனக்கு அது கிரகப்பிரவேசத்தன்று அந்த வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

ரூஃபைப் பார்த்துக்கொண்டு தூண்களை மறந்துவிடாதீர்கள், நிற்கிற சாமானில் தண்ணீர் தேங்காது, சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி நனைக்க வேண்டும். பூச்சு வேலைக்கும் ஒரு வாரம் தண்ணீர் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மேற்குச் சுவரில் நகத்தால் சுரண்டினால் மணல் கொட்டுகிறது, அம்மா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த வாரம் பூசியது அது. சென்ட்ரிங் தகரத்தைச் சீக்கிரம் பிரிக்க அவசரப்படுவார்கள், வாடகை ஓடுகிறதல்லவா, 14 நாளுக்கு முன்னால் முட்டுக்களில் கை வைக்க விடாதீர்கள். போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியென்றால் லேபில் கொடுத்துப் பாருங்கள், கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.

பாத்ரூம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வாட்டர் புரூஃபிங் முடிந்ததும், ஓட்டைகளை எல்லாம் அடைத்து இரண்டு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்க வையுங்கள். அளவுக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள், கோடு இறங்கினால் ஒழுகுகிறது என்று அர்த்தம். நான் செய்யவில்லை, பிளம்பர் 'நம்ம கேரண்டி' என்றார், இப்போது அவர் நம்பர் உபயோகத்தில் இல்லை, பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பளவுக்குப் பெயின்ட் பொரிந்து நிற்கிறது. டைல்ஸ் ஒட்டின அன்றே ஒரு மக் தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் வெளியேறுகிற ஜாலியை நோக்கி ஓடவில்லையென்றால் காய்வதற்குள் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். சுவர் பூசுவதற்கு முன்னால் பைப் போகிற வழியை எல்லாம் டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

வாஸ்து பார்க்க வந்தவர் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் போர், வாயு (வடமேற்கு) மூலையில் செப்டிக் டேங்க் என்றார். சந்தோஷம், இரண்டுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கிறது. ஆனால் நாலு சென்ட்டில் எவ்வளவு கிடைத்துவிடும்? அதைவிட, பக்கத்து வீட்டுக்காரரின் செப்டிக் டேங்க் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஈசானியத்துக்கு நேர் பின்னால் அவருடைய வாயு மூலை. போர்க்காரர் வருவதற்கு முதல் நாள் ஒரு மரியாதைக்கு விசாரித்தபோதுதான் தெரிந்தது. போரை முன்பக்கம் மாற்றினோம், வாஸ்துக்காரரிடம் சொல்லவில்லை.

மேஸ்திரியோடு ரேட் பேசும்போது சதுர அடிக் கணக்கில் என்னென்ன அடங்காது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட், மாடிப்படிக்கு மேல் ரூம், மழைநீர்த் தொட்டி, தட்டோடு, இவையெல்லாம் பெரும்பாலும் தனி. கூடவே, தண்ணீர் ஊற்றுகிற ஆள் யார் என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை.

மச்சினனுக்கு நாளைக்குச் செங்கல் இறங்குகிறதாம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், அப்புறம் ஒரு காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி எடை போடு, நூறுக்கு இருபதுக்கு மேல் ஏறியிருந்தால் லோடைத் திருப்பி அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். "எடை போட மிஷினுக்கு எங்க போறது மாமா" என்கிறான். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.