கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்: கோச்சிடம் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது கைச்செலவுக்காக எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குப் புள்ளியியல் ட்யூஷன் எடுத்தேன். அங்கேயே குடியேறிவிட்ட நண்பர் ஒருவரின் மகனை இப்போது கல்லூரி கூடைப்பந்துக் கோச்சுகள் ஸ்காலர்ஷிப் தருவதாகக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். "என்ன கேட்கணும்னே தெரியலடா" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நுழைவுத் தகுதி பெரிய கம்பசூத்திரம் இல்லை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-க்கு ஹைஸ்கூலில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள்), அவற்றில் 2.3 ஜி.பி.ஏ. (சராசரி கிரேடு). பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும்; கோட்டை விடுவது இதில்தான். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்பதை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2023-ல் எடுத்துவிட்டது.

சிக்கல் உள்ளே போன பிறகுதான். என்னிடம் படித்த பையன் ஒருவன் வெளியூர் ஆட்டம் முடிந்து விடியற்காலை இரண்டரைக்குத் திரும்பி, ஏழு மணிக்கு முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எட்டரைக்கு மிட்டெர்ம். உருகிய தண்ணீர் சொட்டி ஃபார்முலா தாள் ஊறிப்போனது. சீசனில் பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று விதி இருக்கிறது. ஆனால் ஆட்ட நாளுக்கு மூன்று மணி நேரம் என்றே எழுதுவார்கள். பஸ் பயணம் கணக்கிலேயே வராது.

சேரும்போது அவன் ஆசைப்பட்டது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். லேப் மத்தியானம், பயிற்சியும் மத்தியானம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பொதுப் பாடங்களாக எடுத்து ஓட்டினான். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தால்தான் தொடர்ந்து ஆடலாம். 120 கிரெடிட் பட்டம் என்றால் 48, 72, 96. அதிலும் எடுத்த கிரெடிட் எல்லாம் சேராது; அறிவித்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) செல்லுபடியாவது மட்டும்தான். இன்ஜினியரிங் என்று எழுதிக் கொடுத்தால் அவன் கையில் 48 தேறாது. அதனால் ஏற்கெனவே எடுத்த பாடங்கள் எந்த மேஜரில் பொருந்துமோ அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அணியில் பாதிப் பேர் அதே மேஜர். பையன் பட்டம் வாங்கிவிட்டான். எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள் என்று காட்டும் விகிதக் கணக்கில் அவன் வெற்றிதான்.

கோச் பெருமையாகக் காட்டும் விகிதம் அநேகமாக ஜி.எஸ்.ஆர். (கிராஜுவேஷன் சக்சஸ் ரேட்). ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடித்தவர்கள் கணக்கு அது. நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்கு மாறிப்போனவர்களை அதில் கழித்துவிடுவார்கள். அமெரிக்க மத்திய அரசின் விகிதத்தில் அப்படிப் போனவர்களும் முடிக்காதவர்கள்தான். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நடுவில் பெரிய இடைவெளி இருந்தால், பிள்ளைகள் அங்கே ஏன் தங்குவதில்லை என்று அடுத்த கேள்வி.

ஏ.பி.ஆர். (அகடமிக் ப்ராக்ரஸ் ரேட்) என்று இன்னொன்று; இது அணிக்குப் போடும் படிப்பு மதிப்பெண். ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி: ஆடும் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் ஒன்று. 13 பேர் என்றால் வருஷத்துக்கு 52. இரண்டு பேர் தேறாமல் கிளம்பினால் நான்கு புள்ளி போய் 48, அதாவது ஆயிரத்துக்கு 923. நான்கு வருஷ சராசரி 930-க்குக் கீழே இறங்கினால் சீசன் முடிவுப் போட்டிகளில் இடமில்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2013-ல் இதில் மாட்டி வெளியே உட்கார்ந்தது. (அடுத்த வருஷமே சாம்பியன், அது வேறு கதை.) ஆக, உங்கள் பிள்ளை ஃபெயிலாகக் கூடாது என்று அணிக்கும் அக்கறை உண்டு. எதில் பாஸாகிறான் என்பது அவர்கள் கவலை இல்லை.

அதனால் நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் மூன்றே மூன்று. போன நான்கு வருஷத்தில் உங்கள் ஆட்டக்காரர்கள் எந்தெந்த மேஜரில் பட்டம் வாங்கினார்கள்? லேப்பும் பயிற்சியும் மோதினால் எது நகரும்? ஆடும் காலம் முடிந்து படிப்பு பாக்கி இருந்தால் ஸ்காலர்ஷிப் தொடருமா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மற்ற இரண்டையும் கோச்சிடம் கேட்பதைவிட, கேம்பஸ் பார்க்கப் போகும்போது மூன்றாம் வருஷம் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையனைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள்.